ஸ்பேஸ்வெதர்லைவ்: ஆகுர்டியிலிருந்து ஹான்லே வானத்தைக் கவனிக்க ஒரு செயலி

ஸ்பேஸ்வெதர்லைவ் என்ற கைப்பேசிச் செயலி பெல்ஜியத்து ஆர்வலர்கள் சிலர் தொடங்கி நடத்தி வருவது. நார்வேயிலோ ஸ்காட்லாந்திலோ வாழ்பவர்கள், இன்றிரவு வடதுருவ ஜோதியைக் காண வெளியே கிளம்பலாமா என்று தீர்மானிப்பதற்கு இத்தகைய சாதனத்தை நாடுவது இயல்பே. பதினெட்டரைப் பாகை வடக்கில், பழைய மும்பை–புனே நெடுஞ்சாலையின் விளக்குகளுக்கும் ஆலைகளின் வெளிச்சத்துக்கும் நடுவே, ஆகுர்டியில் வசிக்கும் ஒருவர் அதை வைத்திருப்பதில் ஏதேனும் அர்த்தம் உண்டா என்பதே இங்கு நான் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். உண்டு என்பது என் அபிப்பிராயம். ஆனால் எல்லோர் கண்ணிலும் முதலில் படுகிற அந்தக் கே.பி. எண்ணை நம்பியன்று.

இந்தச் சந்தேகத்துக்கு இடம் தந்தது 2024 மே மாதத்து இரவு ஒன்று. சூரியனில் 13664 என்று எண்ணிட்டிருந்த கரும்புள்ளிக் கூட்டத்திலிருந்து அடுத்தடுத்துக் கிளம்பிய பிளாஸ்மாத் திரள்கள் மே 10ஆம் தேதி பூமியை வந்தடைந்தபோது, 2003 அக்டோபருக்குப் பின் முதல் முறையாகக் காந்தப்புயல் அளவுகோலின் உச்சமான ஐந்தாம் படியைத் தொட்டது. இங்கிலாந்தின் எக்ஸ்மூர், நார்த் யார்க் மூர்ஸ் முதலிய மேட்டுப் புதர்வெளித் தேசியப் பூங்காக்கள் இருக்கும் அட்சரேகைகளில் ஜோதி தலைக்கு மேலேயே படர்ந்தது. அதே இரவில், லடாக்கின் சாங்தாங் சரணாலயத்தினுள், மரமற்ற பீடபூமியில் அமைந்த ஹான்லேயில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் முழுவானக் காமிரா வடதிசை அடிவானத்தில் செந்நிற ஒளி ஒன்றைப் பதிவு செய்தது. ஹான்லேயைச் சுற்றிய 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருந்தது. மே 8 அமாவாசையாதலால் நிலவொளியின் இடையூறும் இல்லை.

இனி அந்த எண்ணைப் பற்றி. கே.பி. என்பது உலகெங்கும் உள்ள சில காந்த நிலையங்களின் அளவீடுகளைத் திரட்டி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை தரப்படும் ஒரு மதிப்பு. அதற்கு உதவும் நிலையங்களிற் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ளவை. ஆகவே ஜோதி வளையம் எவ்வளவு தெற்கே இறங்குகிறது என்று அந்நாட்டவர் கணிப்பதற்கு அது ஏற்றது. காந்த அட்சரேகையில் ஏறக்குறைய 24 பாகையில் இருக்கும் ஹான்லேக்கு அது அத்தனை பொருந்துவதில்லை. 2023 நவம்பர் 5 அன்று வீசிய புயல் கடுமையான வகையில் சேராதது. அவ்விரவிலும் ஹான்லேயில் செவ்வொளி தெரிந்தது. கே.பி. ஒன்றையே பார்த்திருப்பவர் அன்று எட்டைத் தொடவில்லையே என்று உறங்கப் போயிருப்பார்.

செயலியின் உண்மையான மதிப்பு அதன் உட்பக்கங்களில் இருக்கிறது. பூமியிலிருந்து சூரியனை நோக்கிப் பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள எல்1 புள்ளியில் நிற்கும் விண்கலங்கள் அளந்தனுப்பும் சூரியக் காற்றின் வேகம், அடர்த்தி, அதனுடன் வரும் காந்தப்புலத்தின் திசை ஆகியவை அங்கே வரைகோடுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றுள் பி.இஸட் என்று குறிக்கப்படும் கோடு தெற்கு நோக்கிச் சரிந்து மணிக்கணக்கில் அங்கேயே நின்றால்தான் பூமியின் காந்தக் கவசம் திறந்து கொடுக்கிறது; காற்று எத்தனை வேகமாக வீசினாலும் அக்கோடு வடக்கே நின்றால் பெரிதாக ஒன்றும் நிகழ்வதில்லை. அடுத்துக் கவனிக்க வேண்டியது டி.எஸ்.டி. என்ற குறியீடு. புயற்காலத்தில் பூமத்திய ரேகைக்கு மேலே பல்லாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வலுப்பெறும் வளைய மின்னோட்டம், நிலத்தின் காந்தப்புலத்தை எவ்வளவு தணிக்கிறது என்பதை அது காட்டுகிறது. தாழ்ந்த அட்சரேகையில் வாழும் நமக்கு இதுவே நெருங்கிய சாட்சி. 2024 மே புயலில் அது மைனஸ் 400 நானோடெஸ்லாவுக்கும் கீழே இறங்கியது.

இந்தச் சாட்சியத்துக்கு ஆகுர்டியின் அண்டைப் பிரதேசத்திலேயே ஒரு சரித்திரம் உண்டென்பதை எண்ணும்போது என் மனம் பெருமிதம் கொள்கிறது. 1859 செப்டம்பரில் காரிங்டன் பெயரால் வழங்கும் மாபெரும் புயல் தாக்கியபோது, பம்பாய்க் கொலாபா ஆய்வகத்தின் காந்தமானி சுமார் 1,600 நானோடெஸ்லா வீழ்ச்சியைக் குறித்து வைத்தது. அப்புயலின் கடுமையை இன்றைய ஆராய்ச்சியாளர் மதிப்பிடுவதற்கு அந்தப் பதிவேடு முக்கிய ஆதாரம். 1872 பிப்ரவரி 4 இரவு பம்பாயிலேயே துருவ ஜோதி தெரிந்ததாக அக்காலத்துப் பத்திரிகைச் செய்தியும் இருக்கிறது. நகரில் மின்சார டிராம் வரவிருந்ததால் கொலாபாவின் காந்தப் பணி 1904இல் அலிபாகுக்குச் சென்றது. அது இன்றும் அங்கே நடக்கிறது. புனேயின் ஐயுகா நிறுவனமோ சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 விண்கலத்துக்காகப் புற ஊதாத் தொலைநோக்கி ஒன்றைச் சமைத்துத் தந்தது. அவ்விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர். மே புயலின்போது சூரியக் காற்றை ஆதித்யாவின் ஆஸ்பெக்ஸ் கருவியும் அளந்தது. இந்திய விண்கலத்தின் அளவீடுகள் இதுபோன்ற ஒரு செயலியில், ஹான்லேயின் அட்சரேகைக்கேற்ற எச்சரிக்கையோடு, தமிழிலும் மராத்தியிலும் நம் கைக்கு உடனுக்குடன் வந்து சேர வேண்டும் என்பது என் மனப்பூர்வமான விருப்பம்.

எச்சரிக்கை வந்தால் மாத்திரம் என்ன பயன் என்று கேட்கலாம். எல்1 புள்ளியைக் கடந்த காற்று அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பூமியை எட்டிவிடும். அதற்குள் ஆகுர்டியிலிருந்து லேவுக்குச் சென்று, அங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர் பயணம் செய்து ஹான்லே சேர எவராலும் ஆகாது. ஆனால் சூரியனைவிட்டுக் கிளம்பிய திரள் பூமியை அடைய ஒன்று முதல் மூன்று நாள் பிடிக்கும். முன்னரே லடாக்கில் இருந்து உயரத்துக்குப் பழகியவருக்கு அந்த அவகாசம் போதுமானது. ஊரிலிருப்பவருக்கு அது கற்கும் காலம்.

கண்ணுக்குத் துணை, கைப்பேசியின் காமிரா. ஹான்லேயில் தெரியும் ஒளி, 200 கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் அணுக்கள் வெளியிடும் 630 நானோமீட்டர்ச் செந்நிறம். கிளர்ந்த அணு அவ்வொளியை விட இரண்டு நிமிஷம் வரை காத்திருக்க வேண்டியிருப்பதால், காற்று அடர்ந்த தாழ்ந்த உயரங்களில் அது பிற அணுக்களோடு மோதியே அணைந்துபோகும். இருளில் நம் விழி செந்நிறத்தை ஏறக்குறைய உணர்வதே இல்லை. காமிராவின் உணரிக்கு அந்தக் குறை கிடையாது. ஆயினும் தானியங்கி இரவு முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது வானத்தை அழகுபடுத்தும் ஆவலில் நிறங்களைத் தன் இஷ்டப்படி திருத்தி, உள்ளதையும் இல்லாததையும் ஒன்றாக்கிவிடுகிறது. கைம்முறையில் ஐ.எஸ்.ஓ. 1600க்கும் 3200க்கும் இடையே, பத்து முதல் முப்பது விநாடி வரை ஒளிபட விட்டு, வெண்சமநிலையை 4000 கெல்வின் அளவில் நிறுத்தி, பிரகாசமான நட்சத்திரம் ஒன்றில் குவியத்தைச் சரிசெய்து, முக்காலியின் மேல் வைத்துச் சுயநேர விசையால் எடுப்பதே உத்தமம்.

நான் ஹான்லேயில் தங்கிய இரவுகளில் சூரியன் அமைதியாக இருந்தது. அப்படியிருந்தும் படங்களில் பசுமையான மெல்லிய பட்டைகள் வந்திருந்தன. அனுபவமற்றவர் இதையே ஜோதியென்று கொண்டாடக்கூடும். உண்மையில் அது வளிமண்டலம் எந்த இரவிலும் தானாகவே வீசும் 557.7 நானோமீட்டர் ஒளி. ஹான்லேயைப்போல இருள் காக்கப்பட்ட இடங்களில்தான் அது இவ்வளவு தெளிவாகப் பதிகிறது. அது எல்லாத் திசைகளிலும் அடிவானத்தை ஒட்டிப் படரும். ஜோதியோ வடக்கே மட்டும், சிவப்பாக நிற்கும். படத்தைக் கண்டு ஐயம் எழுந்தால் செயலியைத் திறந்து டி.எஸ்.டி. கோட்டைப் பார்ப்பது நல்ல பரீட்சை. அன்று அது சற்றும் சரியாமல் நேராக ஓடிக்கொண்டிருந்தது; பசுமையின் மர்மம் அப்போதே தீர்ந்தது.

ஆகுர்டிவாசிக்கு என் யோசனை இது: எச்சரிக்கையைக் கே.பி. ஏழில் வையுங்கள்; அது ஒலித்ததும் பி.இஸட், டி.எஸ்.டி. இரண்டையும் திறந்து, மூன்று மணிக் கூறுகள் நம் நேரப்படி காலை ஐந்தரையிலிருந்து கணக்காகின்றன என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். ஹான்லேக்குச் செல்பவர்கள், வெளியூர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் இயங்காதாதலால் போஸ்ட்பெய்டு இணைப்பை எடுத்துச் செல்ல வேண்டும்; கிராமத்தில் அலைவரிசை நிச்சயமில்லாததால், தங்கும் வீட்டாரின் எண்ணை ஊரிலுள்ள ஒருவரிடம் கொடுத்து, டி.எஸ்.டி. கோடு சரிந்தால் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போவது விவேகம். குளிரில் மின்கலம் விரைவில் வடியும், ஆகையால் கைப்பேசியை உடையினுள் உடலோடு ஒட்டி வைத்திருங்கள். இரவில் வாகனத்தின் உயர்விளக்கை ஏற்றாதீர்கள், காப்பகத்தின் விதியும் அதுவே.