வந்தியின் பங்குக் கரை: நகர்ப்புற மிகுபுனைவு ஆட்டங்களுக்கு மதுரை தரும் அளவுகோல்

மதுரையில் நடக்கும் ஒரு கதையைப் பெயர்த்தெடுத்துத் திருச்சியில் வைத்தாலும் அது குலையாமல் நடக்குமென்றால், அந்தக் கதைக்கு ஊர் வெறும் திரைச்சீலைதான். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதை வளர்க்கும் ரோல்பிளே ஆட்டங்களில் நகர்ப்புற மிகுபுனைவு என்று பெயர் பெற்றவற்றை நான் முதலில் இப்படித்தான் உரைத்துப் பார்ப்பேன்.

1974இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் சாகசம் பெரும்பாலும் குகையிலும் காட்டிலும் நடந்தது. ஊர் என்பது கயிறும் தீப்பந்தமும் வாங்கும் இடம். 1989இல் ‘ஷேடோரன்’ இதைப் புரட்டிப்போட்டது. வருங்காலச் சியாட்டில் நகரில் மந்திரம் எல்லாரும் அறிய வெளிப்பட்டிருக்கும். டிராகன்கள் பெருநிறுவனங்களை நடத்தும். 1991இல் வந்த ‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’ நேர் எதிர்வழியில் போனது. இரத்தக்காட்டேரிகள் மனிதர் நடுவே மறைந்து வாழும். தம் இருப்பை வெளிக்காட்டுவதே அவற்றின் சட்டத்தில் பெருங்குற்றம். இவை இரண்டும்தான் மூலப்பள்ளிகள். பின்வந்தவற்றில் இரண்டைச் சொல்லலாம். 2010இன் ‘டிரெஸ்டன் ஃபைல்ஸ்’ ஆட்டத்தில் விளையாடுபவர்கள் கூடி முதலில் தங்கள் நகரத்தைக் கட்டுகிறார்கள். 2015இல் வந்த ‘அர்பன் ஷேடோஸ்’ ஆட்டத்தில் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பதே அதிகாரம்.

நம் ஊரில் இந்த மரபு ஏட்டிலும் வீதியிலும் முன்பே இருந்தது. பெரும்பற்றப்புலியூர் நம்பியும், அவருக்குப் பின் பரஞ்சோதி முனிவரும் பாடிய திருவிளையாடல்களில் இறைவன் வளையல் விற்கிறார், விறகு சுமக்கிறார், குதிரை வியாபாரியாக வருகிறார். பரஞ்சோதியார் அறுபத்துநான்கு விளையாடல்களையும் மூன்று காண்டங்களாக வகுத்தார்: மதுரை, கூடல், திருஆலவாய். மூன்றுமே ஊரின் பெயர்கள். நம்பியின் வரிசை வேறு. ஆனாலும் இரு நூல்களிலும் அற்புதம் நிகழ்வது கடைத்தெருவிலும் ஆற்றங்கரையிலும்தான்.

பிட்டுக்கு மண் சுமந்த கதையை ஆட்டக்காரரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். வையை கரை உடைகிறது. கரையைப் பங்குபோட்டு அடைக்கும்படி ஊராருக்கு அரசன் ஆணையிடுகிறான். பிட்டு விற்கும் கிழவி வந்திக்கு ஆள் இல்லை. கூலியாளாக வரும் இறைவனுக்குக் கூலி உதிர்ந்த பிட்டு. அவரோ பிட்டைத் தின்று, ஆடிப் பாடி, படுத்து உறங்கிவிடுகிறார். வந்தியின் பங்கு அடைபடாமல் கிடக்கிறது. பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அடி அரசன் முதுகிலும் ஊரார் முதுகிலும் விழுகிறது. பங்கு, கூலி, தண்டனை, அது பரவும் முறை என ஓர் ஆட்டத்துக்கு வேண்டிய விதி அத்தனையும் இதில் இருக்கிறது. இறைவனே வந்தாலும் கரைவேலைக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. மாயம் ஊரின் சட்டத்துக்கும் கூலிக்கும் உட்பட வேண்டும் என்பதுதான் இந்த வகைக்கு நான் வைக்கும் முதல் இலக்கணம்.

இன்னொன்று இதைவிட முக்கியம். ‘வாம்பயர்’ வழியில் வேடம் கலைந்தால் அழிவு. மதுரை வழியில் வேடம் கலையும்போதுதான் கதை நிறைவடைகிறது, கலைவது அருள். ஆகவே ரகசியம் காப்பதே நகர்ப்புற மிகுபுனைவின் உயிர் என்று வாதிடுவோரை என்னால் ஏற்க முடியவில்லை.

இரவுக் களம் வேண்டுவோர் மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியைத் திறக்கலாம். அல்லங்காடி என்னும் இரவுச் சந்தை அடங்கிய பின் கள்வரும், அவர்களைத் தேடும் ஊர்க்காவலரும், பேயும் அணங்கும் ஒரே தெருக்களில் உலவுகிறார்கள். வரைபடம் வேண்டுவோருக்கு, பாம்பு தன் வாலை வாயில் கவ்வி வளைத்துக் காட்டியதே நகரெல்லை என்னும் ஆலவாய்க் கதை உண்டு. இந்த எல்லையைத் திருச்சிக்குக் கொண்டுபோக முடியாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. யானைமலையும் நாகமலையும் சமணர் மந்திரத்தால் ஏவிய யானையும் நாகமும் என்கிறது புராணம். அதே யானைமலையிலும் கீழக்குயில்குடிச் சமணர்மலையிலும் சமணத் துறவியர் விட்டுச்சென்ற சிற்பங்கள் இன்றும் இருக்கின்றன. இங்கே வாழ்ந்த ஒரு சமயத்தாரை ஆட்டத்தில் சூனியக்காரராக்குவது அநீதி. 2018இல் ‘வாம்பயர்’ துணைநூல் ஒன்று, செச்னியாவில் ஓரினச் சேர்க்கையாளர் மீது நடந்த உண்மைக் கொடுமையைக் காட்டேரிகளின் சதிக்குத் திரையாக எழுதியது. கண்டனம் எழுந்தது, பதிப்பாளர் மன்னிப்புக் கேட்டு அப்பகுதியை நீக்கினர். மெய்யான மனிதரின் துயரத்தை மாயத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

மதுரையை வைத்து ஆட்டம் எழுத நினைக்கும் இளைஞர்களே, டிராகனைக் கொண்டுவந்து கோரிப்பாளையத்தில் இறக்க வேண்டாம். ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுக்கு மண் சுமந்த நாளன்று புட்டுத்தோப்புக்குப் போய் நின்று பாருங்கள். பிறகு உங்கள் மேசையில் ஆளுக்கொரு பங்குக் கரையை ஒதுக்கிக் கொடுத்து, முதல் ஆட்டத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.