பங்காளியும் உடன்பிறப்பும்: ஒரு தொடர்ச்சிப் புதினத்தின் வாசக வரவேற்பை முன்வைத்து

வரலாற்றுப் புதினத்தின் முதற்பகுதிக்குக் கிடைக்கும் வரவேற்பும் அதன் தொடர்ச்சிக்குக் கிடைக்கும் வரவேற்பும் ஒரே தன்மையன அல்ல. முதற்பகுதியை வாசகர் அறியும் ஆவலோடு அணுகுகின்றனர். தொடர்ச்சியைக் கணக்குத் தீர்க்கும் ஆவலோடு அணுகுகின்றனர். டயானா பிரஸ்டன், மைக்கேல் பிரஸ்டன் இணையர் அலெக்ஸ் ரூதர்ஃபோர்டு என்னும் புனைபெயரில் ஆங்கிலத்தில் எழுதிய முகலாயப் புதின வரிசையில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படுகிறது. ஆறு பகுதிகளாக 2009 முதல் 2015 வரை வெளிவந்த இவ்வரிசையின் முதற்பகுதி, பாபரின் வரலாற்றைக் கூறும் 'ரெய்டர்ஸ் ஃப்ரம் த நார்த்'. இது 2021இல் 'த எம்பயர்' என்னும் பெயரில் திரைத்தொடராகவும் ஆக்கப்பட்டது. இரண்டாம் பகுதியான 'பிரதர்ஸ் அட் வார்' (2010) ஹுமாயூனுக்கும் அவருடைய தம்பியர் மூவருக்கும் இடையே நிகழ்ந்த போராட்டத்தைப் பொருளாகக் கொண்டது. இவ்விரண்டாம் பகுதி வாசகரிடையே எழுப்பும் ஆர்வத்தின் மொழிசார் அடிப்படை எது என்பதையும், அதனைத் தமிழுக்குக் கொணர முனைவோர் எதிர்கொள்ளும் சிக்கல் எது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இப்புதினத்தைப் படித்தவர்கள் அதனைப் பாராட்டும் முறை ஏறக்குறைய ஒன்றுபோலவே அமைகிறது. பாபரைவிட அவர் மைந்தர்கள் சுவையானவர்கள் என்பர். எந்தப் பக்கத்தில் யார் யாரைக் காட்டிக்கொடுப்பார் என்று அறிய இயலவில்லை என்பர். இத்துணை இரக்கமற்ற உடன்பிறப்புகளைக் கண்டதில்லை என்பர். இறுதியாக, அவர்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்லரே என்று காரணமும் கூறுவர். இக்காரணமே நம் கவனத்திற்குரியது. வாசகர் தம் ஆர்வத்திற்கான விளக்கத்தை வரலாற்றிலிருந்து பெறவில்லை. 'ஹாஃப் பிரதர்' என்னும் ஆங்கிலக் கூட்டுச்சொல்லிலிருந்து பெற்றுள்ளனர்.

வரலாற்றுச் செய்திகளைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். ஹுமாயூன் 1508இல் மாஹம் பேகத்திற்குப் பிறந்தவர். காம்ரான் 1509இலும் அஸ்கரி 1516இலும் குல்ருக் பேகத்திற்குப் பிறந்தவர்கள். ஹிந்தால் 1519இல் தில்தார் பேகத்திற்குப் பிறந்து மாஹம் பேகத்தால் வளர்க்கப்பட்டவர். பாபர் 1530 டிசம்பரில் மறைந்த சிறிது காலத்திற்குள் காம்ரான் பஞ்சாபைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தார்; ஹுமாயூன் அதனை ஏற்றுக்கொண்டார். ஹுமாயூன் வங்காளத்தில் இருந்தபோது, 1538இல், ஹிந்தால் ஆக்ராவில் தம்மை அரசராக அறிவித்துக்கொண்டார். 1539இல் சௌசாவிலும் 1540இல் கன்னோசியிலும் ஷேர்ஷாவிடம் தோற்று ஹுமாயூன் நாடிழந்தார். பின்னர்க் காபூலுக்காக நிகழ்ந்த நெடும்போரில், 1551இல், காம்ரானின் படையினர் நடத்திய இரவுத் தாக்குதலில், அப்போது ஹுமாயூன் பக்கம் நின்ற ஹிந்தால் மாண்டார். 1553இல் காம்ரானின் கண்கள் பறிக்கப்பட்டன. அவரும் அஸ்கரியும் மெக்காவுக்கு அனுப்பப்பட்டனர். இருவரும் இந்தியாவுக்குத் திரும்பவில்லை.

புதினம் 1530இல் ஆக்ராவில் தொடங்குகிறது. தொடக்கமே தம்பியரின் சூழ்ச்சிதான். அவ்வாண்டில் ஹிந்தாலுக்கு வயது 11 என்பதை வாசகர் பொருட்படுத்துவதில்லை. கதை பெரும்பாலும் ஹுமாயூனின் பார்வையிலேயே நகர்வதால், தம்பியர் உரிமை கோருவோராக அன்றி வஞ்சகராகவே தோன்றுகின்றனர். போர்க்களங்களையும் பாலைவன அலைச்சலையும் எழுதுவதில் ஆசிரியர்களுக்கு நல்ல தேர்ச்சி உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் பகைக்கு அவர்கள் தரும் காரணம் குணம் மட்டுமே. காம்ரான் பொறாமைக்காரர், ஹுமாயூன் மன்னிக்கும் இயல்பினர் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது.

'ஹாஃப்' என்னும் முன்னொட்டு இவ்விளக்கத்திற்குத் துணைபோகிறது. உறவு பாதி எனவே அன்பும் பாதி என்னும் உட்பொருள் அச்சொல்லில் ஆங்கிலம் பேசுவோர் உணராமலே பொதிந்துள்ளது. தமிழில் இதற்கு நேரான உறவுச்சொல் இல்லை. தந்தையின் மற்றொரு மனைவி பெரியம்மா அல்லது சின்னம்மா. அவர் மகன் அண்ணன் அல்லது தம்பி. அவ்வளவே. இக்கட்டுரையாளர் பங்குகொண்ட மொழிபெயர்ப்புப் பயிற்சி ஒன்றில் இப்புதினத்தின் சில பக்கங்கள் பயிற்சியாளரிடம் கொடுக்கப்பட்டன. சிலர் 'அரைச் சகோதரன்' என்று சொற்படி பெயர்த்தனர். சிலர் 'ஒன்றுவிட்ட சகோதரன்' என்றனர். பெரியப்பா, சித்தப்பா மக்களைக் குறிக்கும் இத்தொடர் இங்குப் பிழையே. பெரும்பாலோர் 'மாற்றாந்தாய் மகன்' என்று எழுதினர். பொருளளவில் இது பிழையன்று. ஆயின் மாற்றாந்தாய் என்னும் சொல் தமிழில் தனித்து வருவதில்லை. கொடுமை என்பது அதன் நிழல்போல் உடன் வருகிறது. மூலத்தில் இல்லாத கைகேயி ஒருத்தி ஒவ்வொரு பக்கத்திலும் நுழைந்துவிடுகிறாள். ஹிந்தாலை வளர்த்தவர் ஹுமாயூனின் தாயே என்பதை எண்ணும்போது இதன் பொருத்தமின்மை விளங்கும்.

அண்ணன், தம்பி என்றே எழுதிவிடலாம் என்போர் உளர். இதற்கு எதிர்பாராத ஒரு வலிமை உண்டு. பாபர் தம் நினைவுக் குறிப்புகளை எழுதியது சகதாய்த் துருக்கியில். துருக்கியில் மூத்த சகோதரன் 'அகா', இளைய சகோதரன் 'இனி'. ஆங்கிலத்தின் 'பிரதர்', பாரசீகத்தின் 'பிராதர்' ஆகியவை போல வயது வேறுபாடு காட்டாத பொதுச்சொல் அன்று இது. தமிழின் அண்ணன், தம்பி போன்றதே. எனவே ஆங்கிலப் புதினத்தைத் தமிழாக்குபவர், கதைமாந்தரின் முன்னோர் மொழியில் இருந்து ஆங்கிலத்தில் மறைந்துபோன ஒரு பொருட்கூற்றைத் தம்மை அறியாமலே மீட்டுத் தருகிறார். மேலும், மங்கோலியர் கால வரலாற்று நூல்களில் 'அகா', 'இனி' இரண்டும் இணைந்து வந்து குலத்தின் இளவரசர் அனைவரையும் ஒருசேரக் குறிக்கின்றன. நம் ஊர்களில் 'அவர்கள் எங்களுக்கு அண்ணன்தம்பி முறை' என்னும்போது ஒரே வயிற்றுப் பிள்ளைகளை நாம் குறிப்பதில்லை. பங்காளிக் கூட்டத்தையே குறிக்கிறோம். தொடர்பற்ற இரு மொழிக்குடும்பங்கள் ஒரே வகைக் கூட்டுச்சொல்லை ஒரே பொருளுக்கு ஆக்கிக்கொண்டமை ஒப்பியல் ஆய்வாளர் கருதத்தக்கது.

எனினும் இத்தீர்வில் இடர்ப்பாடு ஒன்று உண்டு. தம்பி என்ற சொல் தமிழ் வாசகரிடம் வெறும் வயதை மட்டும் உணர்த்துவதன்று; கீழ்ப்படிதலையும் உணர்த்துகிறது. அரசுரிமை அண்ணனுக்கே என்பதும், தம்பி விட்டுக்கொடுப்பான் என்பதும் நம் இலக்கிய மரபில் ஊறிய எதிர்பார்ப்புகள். பரதன் பாதுகையோடு திரும்புகிறான். இளங்கோ துறவு பூணுவதாகக் கதை வழங்குகிறது. கல்கியின் அருள்மொழிவர்மர் தமக்கு வந்த முடியைச் சிற்றப்பன் முறையினருக்கே கொடுத்துவிடுகிறார். இத்தகைய வாசகப் பயிற்சி உடையவர் முன் காம்ரானைத் தம்பி என்று நிறுத்தினால், அவர் முதல் வரியிலேயே குற்றவாளியாகிறார். (பாண்டிய நாட்டில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் நடத்திய போரை நாம் புதினமாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்பதும் இங்கு எண்ணத்தக்கது.) தைமூரிய மரபிலோ மூத்தவனுக்கே முழு உரிமை என்னும் விதி நிலைபெறவில்லை. ஆட்சி குலத்தின் பொதுச்சொத்து. மைந்தர் அனைவரும் அதில் உரிமையுடையோர். பாபரே தம் இளமையில், 1500இல், ஃபர்கானாவைத் தம் தம்பி ஜஹாங்கீருடன் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. ஆட்சியேறும் சுல்தான் தம் சகோதரரைக் கொல்லலாம் என்ற ஆட்டோமன் விதி முகலாயரிடம் இல்லாமையே இப்பகை இத்துணை நீண்டதற்குக் காரணம் எனலாம். ஹுமாயூன் மீண்டும் மீண்டும் மன்னித்தது குணத்தால் மட்டுமன்று. பங்குடையவனை எளிதில் கொல்ல இயலாது.

பங்கு என்னும் இச்சொல்லே நமக்கு வழிகாட்டுகிறது. 1528இன் இறுதியில் பாபர் ஹுமாயூனுக்கு எழுதிய மடல் 'பாபர்நாமா'வில் இடம்பெற்றுள்ளது. அதில் ஹுமாயூனுக்கு 6 பங்கு, காம்ரானுக்கு 5 பங்கு என்னும் முறை என்றும் பேணப்பட்டுவந்ததை நினைவூட்டி, தம்பியோடு இணங்கி நடக்குமாறு அறிவுறுத்துகிறார். தமிழில் இவ்வுறவுக்குப் பெயர் பங்காளி. இறப்புத் தீட்டைப் பகிர்ந்துகொள்பவனும் அவனே. வரப்புக்காக வழக்காடுபவனும் அவனே. வடமொழிவழி வந்த தாயாதி என்பதும் பங்குரிமை பெற்றவன் என்றே பொருள்படும். உறவையும் உரிமையையும் பகையையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழி நம்முடையது. 'ஹாஃப் பிரதர்' பகைக்குக் காரணமாகக் குருதியின் குறைவைச் சுட்டுகிறது. பங்காளி என்பதோ சொத்தின் சமத்துவத்தைச் சுட்டுகிறது. பாபரின் 6க்கு 5 என்னும் கணக்கை இரண்டாம் சொல்லே விளக்கும். ஆதலின் எடுத்துரைப்பில், குறிப்பாக அரசுரிமை பேசப்படும் இடங்களில், 'பங்காளி' என்னும் சொல்லை ஆளுவதே தக்கது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அது கொச்சையானது, அரண்மனைக்கு ஏலாதது என்று பயிற்சியாளர் சிலர் மறுத்தனர். அம்மறுப்பு சொல்லின் பொருளைப் பற்றியதன்று, சொல்லின் தகுதியைப் பற்றியது.

மேற்குறித்த மடலிலேயே பாபர் மகனின் எழுத்துப்பிழைகளைச் சுட்டுவதும், அவர் தம் குழந்தைக்கு இட்ட பெயரைப் பொதுமக்கள் எவ்வாறு திரித்து ஒலிப்பர் என்று எச்சரிப்பதும், சிக்கலின்றி எளிய சொற்களால் எழுதினால் எழுதுபவனுக்கும் படிப்பவனுக்கும் தொல்லை குறையும் என்று கூறுவதும் மொழியியலார்க்கு இனிய செய்திகள். பேரரசைப் பங்கிடும் மடலில் எழுத்திலக்கணத்திற்கும் இடம் ஒதுக்கிய தந்தை அவர்.

புதினத்தின் வாசகர் கட்டாயம் அறிய வேண்டிய மற்றொரு நூல் குல்பதன் பேகத்தின் 'ஹுமாயூன்நாமா'. அக்பரின் வேண்டுகோளுக்கிணங்கப் பாரசீகத்தில் எழுதப்பட்டு, 1902இல் ஆனெட் பெவரிட்ஜால் ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டது. குல்பதன் ஹிந்தாலின் உடன்பிறந்த தங்கை; ஹுமாயூனுக்கும் காம்ரானுக்கும் தந்தைவழித் தங்கை. போரிட்ட நால்வரும் அவருக்கு அண்ணன்மாரே. காபூலில் காம்ரான் தம்மிடம் வந்து, கணவரைத் தம் பக்கம் சேரும்படி மடல் எழுதச் சொன்னதையும், தாம் கணவருக்குத் தம் கையால் எழுதியதே இல்லை, தம் எழுத்தை அவர் அறியார் என்று கூறித் தப்பியதையும் அவர் பதிவு செய்கிறார். மறுப்பு ஒரு சொல்லும் கடுமையாக இல்லை. ஹிந்தாலின் இறப்பைக் கூறுமிடத்தில், அவருக்குப் பதிலாகத் தம் மகனோ கணவரோ தாமோ மடிந்திருக்கக் கூடாதா என்று அரற்றுகிறார். இத்துணைக்குப் பின்னரும் காம்ரானைக் குறிப்பிடும்போது 'மிர்சா' என்னும் பட்டத்தை அவர் பெரும்பாலும் கைவிடுவதில்லை. அமீர்ஸாதா, அதாவது அமீரின் மகன், என்பதன் திரிபு இச்சொல். உரிமைப் பங்குடையவன் என்பதன் அடையாளமும் அதுவே. அரசரா சகோதரரா, இரண்டில் ஒன்றாகவே இருக்க முடியும் என்று பிரபுக்கள் ஹுமாயூனிடம் வற்புறுத்தியதாக அவர் எழுதும் பகுதி, புதினத்தின் நூறு பக்கங்களைவிடக் கூர்மையானது. கிடைத்துள்ள ஏடு காம்ரானின் கண்கள் பறிக்கப்பட்டதைக் கூறியவுடன் தொடர் முற்றுப்பெறாமலே நின்றுவிடுகிறது.

பட்டம் பற்றிய இச்செய்தி நம்மை ஓர் இலக்கணச் சிக்கலுக்கு இட்டுச்செல்கிறது. ஆங்கிலத்தின் 'ஹீ' தமிழில் அவன் ஆகவும் அவர் ஆகவும் பிரிகிறது. மேற்கூறிய பயிற்சியில் ஏறத்தாழ அனைவரும் ஹுமாயூனுக்கு 'அவர்' என்றும், காம்ரானுக்கு முதற்பக்கத்திலிருந்தே 'அவன்' என்றும் எழுதினர். ஏன் என்று வினவியபோது, ஒருவர் அரசர், மற்றவர் வில்லன் என்ற விடை வந்தது. மூல ஆசிரியர்கள் கதையின் இறுதிவரை சென்று நிறுவ முயலும் தீர்ப்பைத் தமிழ் வினைமுற்று முதல் வாக்கியத்திலேயே வழங்கிவிட்டது. உடன்பிறப்புகளின் கொடுமையைச் சுவைத்துப் படிக்கும் ஆர்வம் மொழிபெயர்ப்பாளரையும் பற்றிக்கொண்டமைக்கு இது சான்று.

எனவே நால்வருக்கும் ஒரே விகுதி வேண்டும். எடுத்துரைப்பில் நால்வரையும் 'அவர்' என்று எழுதலாம். அன்றி நால்வரையும் 'அவன்' என்றே எழுதலாம். பின்னதைத் தேர்ந்தால் ஹுமாயூன் அரியணையில் இருக்கும்போதும் அவ்விகுதி மாறலாகாது. உரையாடலில் தம்பியர் அரசரை அவைமுன் 'அண்ணா' என விளிப்பதைவிடப் 'பாதுஷா' என விளிப்பது பொருந்தும். 'அண்ணா' என்பதைத் தனிமையில் பேசும் இடங்களுக்கு ஒதுக்கிவைத்தால், அரசரா அண்ணனா என்ற வினா விளக்கமின்றியே விளிச்சொல்லின் மாற்றத்தால் உணர்த்தப்படும். 1553ஆம் ஆண்டு நிகழ்ச்சியை மொழிபெயர்க்கும்போது, கண்கள் பறிக்கப்படும் காம்ரானுக்கு அவ்வாக்கியத்தில் எந்த விகுதியைக் கொடுப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதன்பின் முதற்பக்கத்திற்குத் திரும்புவது நல்லது.