செல்லக்காசின் குடித்தனம்

சென்னைப் புறநகர்ச் செம்பாக்கத்தின் ஏரிக்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் "என்னண்ணே மாட்டுச்சு?" என்று கேட்டால், பெரும்பாலும் "ஜிலேபி" என்றுதான் சொல்வார். ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தத் திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. ஆண் மீன் ஆழமில்லாத இடத்தில் மண்ணை வாயால் அள்ளி அள்ளித் துப்பி, வட்டமாக ஒரு குழி பறிக்கும். பெண் அங்கே முட்டையிட்டு, எல்லாவற்றையும் தன் வாய்க்குள் எடுத்துக்கொண்டு விலகிவிடும். குஞ்சுகள் நீந்தும் பருவம் வரும்வரை, அந்த இரண்டு மூன்று வாரமும் அவற்றுக்கு அந்த வாய்தான் வீடு. தாய் அநேகமாகப் பட்டினி.

ஜிலேபி, சிக்லிட் குடும்பத்து மீன். கடைகளில் வாஸ்து மீன் என்று விற்கிற ஃபிளவர்ஹார்னும் அதே குடும்பம். நெற்றிப் புடைப்பையும் நிறத்தையும் பார்த்து வாங்கி, ஒற்றையாய் ஒரு தொட்டியில் விட்டுவிட்டால் இந்தக் குடும்பத்தின் பாதி அழகு நமக்குத் தெரியாமலே போய்விடும். சிக்லிட்டை அது குடித்தனம் நடத்தும் விதத்துக்காகப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அதற்கு வெளிநாட்டு மீன்கூட வேண்டாம். இந்தியாவைப் பூர்வீகமாகக் கொண்ட சிக்லிட் மூன்று உண்டு. கேரளத்தார் கொண்டாடும் கரிமீன் ஒன்று, தமிழில் செத்தக்கெண்டை. முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் களத்தில் அதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். ஆனால் அது பெரிய உடம்பு, வீட்டுத் தொட்டிக்கு அடங்காது. கர்நாடகத்து ஆறுகளில் வாழ்வது இன்னொன்று. மூன்றாவதுதான் நம் ஆள்: செல்லக்காசு. கடையில் கேட்கும்போது ஆரஞ்சு குரோமைடு என்று கேளுங்கள். எட்டு சென்டிமீட்டருக்குமேல் வளராத மஞ்சள் மீன். விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உப்பங்கழிகளிலும் கரையோர நீர்நிலைகளிலும் வாழ்கிறது. இவற்றின் நெருங்கிய சொந்தங்கள் இருப்பது மடகாஸ்கரில்.

நம் புறநகர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு என்று எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள். செல்லக்காசுக்கு அந்தக் கடினத் தண்ணீர் பிடிக்கும். கேன் தண்ணீரை ஊற்றிக் கெடுக்காதீர்கள். பத்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல் உப்பு போட்டால் இன்னும் தெம்பாக இருக்கும். ஹீட்டர் தேவையில்லை, சென்னை வெயிலே போதும்.

இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலத் தொட்டி. ஸ்பாஞ்ச் ஃபில்டர், அடியில் கழுவிய ஆற்றுமணல், ஒரு உடைந்த மண்சட்டி, இரண்டு தட்டைக் கல். மீன் விடுவதற்கு ஒரு மாதம் முன்பே தண்ணீரை ஓடவிட்டு, ஒரு சிட்டிகை மீன் தீவனம் தூவி வாருங்கள். கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பஞ்சில் குடியேற அவ்வளவு நாளாகும். நான் பொறுக்கமாட்டாமல் எட்டாம் நாளே மீனை விட்டேன். நான்கைப் பறிகொடுத்தேன். அது இன்னும் மனதில் கிடக்கிறது.

ஆணையும் பெண்ணையும் பார்த்துப் பிரிப்பது கடினம். கொளத்தூர் மீன்கடைகள் பக்கம் போய் ஆறு இளம் மீன்களாக வாங்கி, அவையே ஜோடி சேரட்டும் என்று விட்டுவிடுவது நல்லது. ஜோடி சேர்ந்ததும் மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் மூலைக்குத் துரத்தியே கொன்றுவிடும்.

இனி ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். தொட்டியிலிருந்து நான்கடி தள்ளி, ஆடாமல். இரண்டும் ஒரு கல்லைத் தேர்ந்து வாயால் கொறித்துக் கொறித்துத் துடைக்கத் தொடங்கினால், முட்டை வரப்போகிறது என்று பொருள். அடிவயிறு கரி பூசியதுபோல் கறுத்துவரும். ஒவ்வொரு முட்டையும் ஒரு சிறு காம்பில் கல்லோடு தொங்கும். ஒரு மீன் அருகிலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும், மற்றது காவல் சுற்றும். பிறகு இடம் மாறிக்கொள்ளும். அந்த மாற்றத்தைக் கவனியுங்கள். வருகிறவர் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் இருப்பவர் நகர்வார். பூத்துப்போன முட்டை வெள்ளையாகத் தெரியும், அதை மட்டும் பொறுக்கி எடுத்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று கரண்ட் போனபோது எங்கள் தொட்டியில் முட்டை இருந்தது. பம்ப் நின்றுவிட்டது. டார்ச்சைச் சுவர் பக்கம் திருப்பி அந்த மங்கல் வெளிச்சத்தில் பார்த்தேன். தாய் விசிறிக்கொண்டே இருந்தது. குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுவதைத் தவிர என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

தண்ணீர்ச் சூட்டைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். நெளியும் குஞ்சுகளை வாயில் கவ்வி மணல் குழிக்கு மாற்றும். மேலும் ஐந்தாறு நாளில் அவை மேகம்போல் எழுந்து நீந்தும். இப்போது உங்கள் கண் இரண்டு இடங்களில் இருக்கட்டும். ஒன்று, பெற்றோரின் வயிற்றடியில் இருக்கும் கறுப்புத் துடுப்பு. ஆபத்து என்றால் அதைப் படபடவென்று அடிக்கும். சிதறிய குஞ்சுகள் அந்தக் கறுப்பைப் பார்த்து ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் கையைக் கண்ணாடிமேல் வைத்து இதைச் சோதிக்க வேண்டாம், தானாக நடக்கும்போது பாருங்கள். இரண்டாவது, விலாப்புறம். குஞ்சுகள் பெற்றோர் உடம்பில் உரசி உரசி, தோலில் சுரக்கும் கோழையைத் தின்னும். வார்ட், பார்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1967-இல் இதை விரிவாக எழுதினார்கள். பாலூட்டுவதற்கு இவ்வளவு பக்கத்தில் வருகிற ஒரு காட்சியை நடுக்கூடத்தில் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

கோழை மட்டும் போதாது. இரண்டு லிட்டர் பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றி, காற்று விட்டு, ஆர்டீமியா முட்டையைப் போட்டால் ஒரு நாளில் பொரியும். அதை வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, நாளுக்கு மூன்று வேளை கொடுங்கள்.

முதல் ஈட்டை பெற்றோரே தின்றுவிடக்கூடும். பழகாத ஜோடி, பயந்த ஜோடி அப்படிச் செய்யும். பிரித்துவிடாதீர்கள், திட்டாதீர்கள். சில வாரங்களில் மறுபடி முட்டையிடும். எங்கள் ஜோடிக்கு மூன்றாம் தடவைதான் கைகூடியது.

குஞ்சு அதிகமானால் நண்பர்களுக்குக் கொடுங்கள், கடைக்காரரிடம் கொடுங்கள். ஏரியில் விடாதீர்கள். தொட்டியிலிருந்து போன சக்கர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, வலையைக் கிழித்து மீனவரை வாட்டுகிறது. ஓர் ஏரியில் விட்டது அங்கேயே நிற்காது: செம்பாக்கம் ஏரி நிறைந்தால் அந்தத் தண்ணீர் நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம்வரை போகிறது.

இரவு பத்து மணிக்குக் கூடத்து விளக்கை அணைக்குமுன் ஒரு நிமிடம் நிற்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அந்த நேரத்தில் கறுப்புத் துடுப்பு இரண்டு முறை அசையும். மேகம் மெல்லச் சட்டி ஓட்டுக்குக் கீழே இறங்கும். கடைசிக் குஞ்சும் உள்ளே போகும்வரை சுவிட்சில் கை வைப்பதில்லை.