குடைப்பூவும் குட்டிநரியும்

சுவீடனின் விலங்கு ஓவியர் ப்ரூனோ லில்யெஃபோர்ஸின் ரசிகர்களில் பெரும்பாலோர் கழுகுக் கட்சி. 1897இல் அவர் வரைந்த, ஈடர் வாத்தை விரட்டும் கடற்கழுகுப் படத்தைத்தான் உச்சம் என்பார்கள். அலை, காற்று, வேகம் எல்லாம் அதில் உண்டுதான். ஆனால் பார்க்கிறவருக்கு அங்கே வேலை இல்லை. கழுகு எங்கே என்று கண் ஒரு விநாடிகூட அலைய வேண்டாம். என் ஓட்டு அதற்குப் பதினோரு வருஷம் முந்தைய ‘நரிக்குடும்பம்’ படத்துக்கு.

ப்ரூனோவுக்கு அப்போது இருபத்தாறு வயது. ஸ்டாக்ஹோம் கலை அகாடமியை 1882இல் உதறிவிட்டு, விலங்குகளை வரையக் கற்க ஜெர்மனிக்குப் போய், பாரீஸ் பக்கமும் சுற்றிவிட்டுச் சொந்த ஊரான உப்சாலாவை நோக்கித் திரும்பியிருந்த காலம். படத்தின் அகலம் ஓர் ஆளின் உயரத்தை மிஞ்சும். அந்த நாளில் அவ்வளவு பெரிய கேன்வாஸ் என்றால் ராஜாவோ போர்க்களமோ இருக்கும். இவர் அதைச் சாலையோரக் களைக்குக் கொடுத்தார்.

களையென்றால், கொத்தமல்லிக் குடும்பத்துச் செடி. நம் வீட்டுக் கொத்தமல்லியைப் பறிக்காமல் விட்டால் பூக்குமே, அதே வெள்ளைக் குடைதான். ஆனால் இடுப்புயரம் வளரும். மே கடைசியில் உப்சாலாவைச் சுற்றியுள்ள உப்லாண்டு கிராமச் சாலைகளில் போனால் வாய்க்கால் ஓரம், தேவாலயச் சுவரோரம், சிவப்புச் சாயம் பூசிய மரவீடுகளின் பின்புறம் எங்கும் இதுதான் நிற்கும். யாரும் விதைத்ததில்லை. அதற்குச் சற்று முன்பு பறவைச் செர்ரி பூத்து முடிந்திருக்கும், லைலாக் பூக்கத் தொடங்கியிருக்கும். இந்த இரண்டு பூக்களுக்கும் இடைப்பட்ட நாட்களில் கடையைப் பூட்டிவிட்டுப் போன ஒரு செருப்புத் தைப்பவரின் கதையைச் சுவீடன்காரர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆளைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

படத்துக்கு வருகிறேன். வெண்குடைகளுக்கு நடுவே தாய்நரி, குட்டிகள், குட்டிகளிடம் சிக்கிய ஒரு பறவை. இரையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னைப் பிடித்து நிறுத்துவது தேதி. நரி ஏப்ரல் வாக்கில் குட்டி போடும்; வளையைவிட்டு அவை வெளியே வர நாலைந்து வாரமாகும். இப்படி இரைக்குச் சண்டை போடும் பருவத்துக்கு வருவதற்கும் குடைப்பூ விரிவதற்கும் சரியாக இருக்கும். பூவும் குட்டியும் ஒரே வாரத்தைச் சொல்கின்றன. அழகுக்காகப் பூவைச் சேர்த்த ஓவியருக்கு இந்தக் கணக்கு உதைத்திருக்கும்.

உப்லாண்டில் நான் தங்கியிருந்த பண்ணைவீட்டு அம்மாவிடம் இந்தப் படத்தின் அச்சைக் காட்டினேன். ஓவியர் பேரைக் கேட்கவில்லை. நரியைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பூவை உற்றுப் பார்த்துவிட்டு, “ஜூன் முதல் வாரம்” என்றார். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “தெற்குப் பக்கச் சரிவென்றால் மே கடைசி” என்றார். காபி ஆறும்வரை விவாதம் ஓடியது. இதைவிட நல்ல விமரிசனத்தை நான் கேட்டதில்லை.

கார்ல் லார்சனை வைத்து என்னிடம் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. ஆன்டர்ஸ் ஸோர்ன், ப்ரூனோ, கார்ல் என்ற மூன்று ஓவியர்களையும் முதலெழுத்தை வைத்து ஏ-பி-சி என்று சேர்த்துச் சொல்வது அங்கே வழக்கம். லார்சனின் சுந்த்பூர்ன் வீடு எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே ஜன்னலோரச் செடிகூட வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. ப்ரூனோவின் நாட்டுப்புறத்துக்கு விருந்தாளி வருவது தெரியாது.

இன்னொரு குற்றச்சாட்டு: அவர் வேட்டைக்காரர், நரி, முயல், ஆந்தை எனக் கூண்டில் வளர்த்து அவற்றைப் பார்த்து வரைந்தவர், ஆரம்பத்தில் செத்த பறவைகளையும் மாதிரியாக வைத்துக்கொண்டவர். எல்லாம் உண்மை. விலங்கின் தசை அவருக்குக் கூண்டில் கிடைத்திருக்கலாம். அது புல்லுக்குள் எப்படி மறையும் என்பது கூண்டில் கிடைக்காது. 1893இல் ஸ்டாக்ஹோமில் இயற்கையியலாளர் கோல்ட்ஹாஃப் உயிரியல் அருங்காட்சியகம் கட்டியபோது, பதம்செய்த விலங்குகளுக்குப் பின்திரை வரைய இவரைத்தானே அழைத்தார்! விலங்கு எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை அழிக்கத் தெரிந்த கை அது.

அந்த நாட்டுச் சட்டத்துக்கே இந்த மறைவு தெரியும். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை காடுமேட்டில் நாயை அவிழ்த்து ஓடவிடக் கூடாது. புல்லுக்குள் குஞ்சும் குட்டியும் இருக்கும். முதல் தீவனப்புல் அறுப்புக்கு முன் விடியற்காலையில் வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோனை வயல்மேல் பறக்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மான்குட்டி இயந்திரச் சத்தம் கேட்டு ஓடாது, அசையாமல் படுத்துக்கொள்ளும். திரையில் பச்சை முழுக்க இருளாகி, அதில் ஒரே ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும். ஒருவர் நடந்துபோய், கையில் புல்லைச் சுற்றிக்கொண்டு குட்டியைத் தூக்கி வரப்போரம் வைப்பார்.

ஆனால் தானாகப் புல் வெட்டும் இயந்திரத்தை 1995இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இதே நாடுதான். இப்போது அது வீட்டுக்கு வீடு ஊர்கிறது; சாலையோரங்களையும் பூக்கும் நேரத்திலேயே மழிக்கிறார்கள். பழைய தீவனப்புல் வெளிகளில் பெரும்பகுதி ஒரு நூற்றாண்டில் போய்விட்டது. விலங்குப் புகைப்படங்களும் அந்த வழியில்தான் போகின்றன: நரியின் ஒவ்வொரு மீசைமயிரும் கூர்மை, பின்னணியில் வெறும் பச்சை மங்கல். எந்த மாதம், என்ன செடி, எதற்கு அங்கே நிற்கிறது? ஒன்றும் தெரியாது. இதற்குப் பரிசும் கொடுக்கிறார்கள்.

போன வருஷம் ஒரு சுவர் நாள்காட்டி கையில் கிடைத்தது. நம் நரிக்குடும்பமும் அதில் இருந்தது. இரு பக்கமும் பூவை வெட்டி, நரிகளை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். செம்பழுப்பு நிறத்துக்கு இலையுதிர்காலம் பொருந்துமென்று நினைத்தார்களோ என்னவோ, அக்டோபர் மாதத்துக்குப் போட்டிருந்தார்கள்.