மெல்பர்ன் குவிமாடம்: சுமையை வென்றது, மழையிடம் தோற்றது

மெல்பர்ன் மாநில நூலகத்தின் லா ட்ரோப் வாசிப்பு அறைக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்க்காதவர் இல்லை. ரோமாபுரியின் பழங்காலக் குவிமாடக் கட்டடமான பாந்தியனைப் போல இருக்கிறதே என்று உடனே சொல்லத் தோன்றும். பாதிதான் சரி. 1913இல் திறந்த இந்த எண்கோண அறையின் அகலமும் உயரமும் 34.75 மீட்டர்; பாந்தியனில் இரண்டுமே ஏறத்தாழ 43.3 மீட்டர். உறவு அந்தச் சமக்கணக்கோடு சரி. கட்டிய விதத்தில் இரண்டும் எதிரெதிர்.

குவிமாடத்தின் அடிவிளிம்பு எப்போதும் வெளியே விரியப் பார்க்கும். கான்கிரீட்டுக்குள் கம்பி வைத்துக் கட்டாத ரோமானியர் அதைப் பருமனால் அடக்கினார்கள். குவிமாடம் அடியில் 6 மீட்டருக்கு மேல் தடிமன், உச்சியில் 1.2 மீட்டர். ஜல்லியிலும் தந்திரம் உண்டு: கீழே கனமான கல், மேலே போகப் போக நுரைக்கல். அப்படியும் விரிசல் விழத்தான் செய்தது. ஆனால் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. உச்சியில் 8 மீட்டருக்கும் அதிக அகலமான திறப்பு. மழை நேராக உள்ளே விழும்; தரையிலுள்ள துளைகள் வழியே வடிந்துவிடும். ஒழுகாமல் கட்ட அவர்கள் முயலவே இல்லை.

மெல்பர்னில் அது நடக்காது. கீழே புத்தகங்கள். கட்டடக் கலைஞர் நார்மன் பீபிள்ஸ் வரைந்த குவிமாடத்தில், விரியும் விசையைக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகள் தாங்குகின்றன. கம்பி இருந்ததால் கூரை மெலிந்தது, மெலிந்த கூரையில் கண்ணாடிச் சாளரங்கள் வைக்க இடம் கிடைத்தது. எந்த மேசைக்கும் பகல் வெளிச்சம். வாசகசாலைக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்த அம்சத்தில் பாந்தியனை இது மிஞ்சிவிட்டது என்பேன்.

கோளாறும் அங்கேதான். மொட்டை மாடி வைத்திருக்கும் எவருக்கும் தெரியும்: தளம் சுமையைத் தாங்கிவிடும், மூட்டுதான் ஒழுகும். பகலில் 40 டிகிரி கொளுத்திவிட்டு மாலையில் தென்காற்று அடித்ததும் சடாரெனக் குளிரும் ஊர் இது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் சட்டங்கள் எத்தனை முறைதான் விரிந்து சுருங்கும்? தண்ணீர் உள்ளே வந்தது. 1959இல் சாளரங்களைச் செப்புத் தகடுகளால் மூடிவிட்டார்கள். ஒழுகல் நிற்க வெளிச்சத்தையே பலி கொடுத்த இந்த வைத்தியம் நோயைவிடக் கொடியது. எதற்காகக் கூரையை மெலிதாக்கினார்களோ அதுவே 44 ஆண்டுகள் இல்லாமல் போயிற்று.

2003இல் சாளரங்களைத் திறந்து, புதுக் கண்ணாடி போட்டு, பகலொளியை மீட்டார்கள். கம்பிக் கான்கிரீட்டின் பலத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பீபிள்ஸின் குவிமாடம் பராமரிப்பு நின்ற மறுநாளே மூப்படையும் கட்டடம். செலவுக்கு அஞ்சுகிற அரசுகள் இப்படி ஒன்றைக் கட்டக்கூடாது, கட்டிவிட்டால் அஞ்சக்கூடாது.