மூன்றாம் மாதத்துக்கு முன்னால்

சென்ற ஐப்பசியில் மத்தூரில் என் தங்கை வீட்டில் பத்து நாள் தங்க நேர்ந்தது. தங்கை மகளுக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. மாப்பிள்ளைக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. ஞாயிற்றுக்கிழமை வருவார். குழந்தையைக் கையில் வாங்கப் பயந்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு இரவு பஸ்ஸுக்குப் போய்விடுவார். நானோ ஒரு சொற்பொழிவுக்காகப் பிள்ளைத்தமிழ் நூல்கள் நாலைந்தைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

ஒரு நாள் இரவு மூன்று மணி இருக்கும். குழந்தை வீறிட்டு அழுதது. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, அழுகை ஓயவில்லை. தாயும் அழுதுகொண்டிருந்தாள். கூடத்தில் விளக்கெரிவதைப் பார்த்து எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அது கொழந்தைங்களப் பத்தின புஸ்தகம்தான? இதுக்கு என்னா பண்றதுன்னு எதனா போட்டிருக்குதா?"

போட்டிருக்கவில்லை. இதை எழுதுவதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. முதலாவது காப்பு. அது குழந்தையின் மூன்றாம் மாதத்துக்கு உரியது. ஐந்தாம் மாதம் செங்கீரை. தாலாட்டு என்னும் தாலப் பருவம் ஏழாம் மாதத்தில்தான் வருகிறது! பிறந்த அன்றைக்கே தாலாட்டு தேவைப்படுகிறது என்பதை எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். புலவர்கள் கேட்கவில்லை போலிருக்கிறது.

முதல் இரண்டு மாதத்தை ஏன் விட்டார்கள்? எனக்குத் தோன்றும் காரணம் இது. பிறந்த குழந்தை நம்மைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அதன் கண்ணுக்கு ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது. முகம் பார்த்துச் சிரிக்க ஆறு வாரமாவது ஆகிறது. அதுவரை நாளொன்றுக்குப் பத்துத் தடவை பால் குடிக்கிறது, நனைக்கிறது, அழுகிறது. நாம் கொடுப்பதற்குப் பதிலாக அது எதையும் தருவதில்லை. கவிஞன் சிரிப்புக்குக் காத்திருந்தான். தாய்க்குக் காத்திருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. நமக்குக் கிடைத்திருக்கும் முதல் பிள்ளைத்தமிழ், இரண்டாம் குலோத்துங்க சோழன்மேல் 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடியது. குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் மீனாட்சியம்மையைப் பாடினார். ஒருவன் அரசன், ஒருத்தி தெய்வம். இரண்டும் முடிவு தெரிந்த குழந்தைகள். பிழைக்குமோ பிழைக்காதோ என்ற பயம் அந்தத் தொட்டில்களின் பக்கத்தில் வராது. தலைச்சன் குழந்தையைப் பெற்றவர்களின் முதல் மாதமோ அந்தப் பயம் ஒன்றினால் ஆனது. மூச்சு வருகிறதா என்று பார்க்க நடுராத்திரியில் எழுந்து மூக்கருகே விரலை வைக்காத பெற்றோர் உண்டா?

ஒருவரை மட்டும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விலக்க வேண்டும். பெரியாழ்வார். அவர் கண்ணன் பிறந்த நாளிலிருந்தே தொடங்குகிறார். அதைவிட முக்கியம், தாயைப் பேசவிடுகிறார். தொட்டிலில் கிடத்தினால் உதைக்கிறான், இடுப்பில் எடுத்தால் இடுப்பை ஒடிக்கிறான், தழுவினால் வயிற்றில் பாய்கிறான். எனக்குப் பலமில்லை, இளைத்துப்போனேன் என்கிறாள் அந்தத் தாய். குழந்தை தெய்வமானாலும் அவள் களைத்துப்போன மனுஷிதான். பின்னால் வந்த புலவர்கள் ஆழ்வாரிடமிருந்து தொட்டிலை எடுத்துக்கொண்டார்கள், களைப்பை விட்டுவிட்டார்கள்.

நாவலாசிரியர்களாகிய நாங்கள் மட்டும் என்ன சாதித்துவிட்டோம்? என் நாவல் ஒன்றில், ஒரு அத்தியாயத்தின் கடைசி வரியில் குழந்தை பிறக்கிறது. அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியில் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. இடையில் அந்தத் தாய் எத்தனை இரவு விழித்தாள் என்று நான் யோசித்ததே இல்லை.

அன்று இரவு தங்கையின் மாமியார் எழுந்து வந்தார். குழந்தையை வாங்கித் தோளில் சாத்தி, முதுகைத் தடவிக் காற்றை இறக்கினார். பிறகு மடியில் கிடத்தி மெல்லப் பாடினார். எழுத்தில் இல்லாத அந்தத் தாலாட்டு, யார் அடித்து அழுகிறாய் என்றுதான் தொடங்கியது. கைக்குழந்தையின் அழுகையிலிருந்து புறப்பட்ட கவிதை அது. பாட்டியின் வைத்தியம் எல்லாம் சரியென்று நான் சொல்லவில்லை. சீம்பாலைப் பீய்ச்சிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கச் சொன்னவரும் அவர்தான். ஆஸ்பத்திரி நர்ஸ் தடுத்துவிட்டாள். நர்ஸ் சொன்னதே சரி. ஆனால் அழும் குழந்தையின் பக்கத்தில் விழித்திருக்க அவருக்குத் தெரியும்.

என் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். மூன்றாம் மாதம் என்றதும் பாட்டி பாட்டை நிறுத்தினார்.

"எங்க காலத்துல பொட்டப் புள்ளைக்கு மூணு மாசம் கெடைக்கிறதே பெரிசு, தம்பி."

நான் பதில் பேசவில்லை. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001-இல் அது தர்மபுரி மாவட்டத்துக்கும் வந்தது. மத்தூர் அப்போது தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். கள்ளிப்பாலுக்குத் தப்ப வேண்டிய நாட்கள் எவை? பிறந்த முதல் சில நாட்கள்தாம். தெய்வங்களையெல்லாம் அழைத்துக் காப்புப் பாடும் நம் கவிதை, காப்பு மிகவும் தேவைப்பட்ட நாட்களில் வாய் திறக்கவில்லை.

சொற்பொழிவை மாற்றி எழுதினேன். ஊருக்குப் புறப்பட்ட அன்று குழந்தைக்கு இருபத்திரண்டாம் நாள். அது என்னைப் பார்க்கவில்லை, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அது குறையாகப் படவில்லை.