கண்ணாடிக்குள் ஒரு கம்பி

ஏசியின் உள்யூனிட்டில், சர்க்யூட் போர்டின் ஓரமாக 20 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் ஒன்று கிளிப்பில் உட்கார்ந்திருக்கும். விலை சில ரூபாய். அது காக்கிற போர்டோ ஆயிரக்கணக்கில்.

ஃபியூஸ் தான் செத்த விதத்தையும் தானே சொல்லிவிடுவதுதான் எனக்குப் பிடித்தது. கம்பி நடுவில் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், பெரும்பாலும் மெல்ல ஏறிய சுமை. உள்ளே கருப்போ வெள்ளிப்பூச்சோ படிந்திருந்தால் ஷார்ட் சர்க்யூட். புதிதாகப் போடுவதும் வெடிக்கும், மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

உலோக மூடியில் ‘டி 3.15 ஏ, 250 வி’ என்பது போலப் பொடி எழுத்துகள். ‘டி’ என்றால் சுவிட்ச் போட்ட நொடியில் பாயும் கூடுதல் மின்சாரத்தைப் பொறுத்துக்கொள்ளும் நிதானக்காரன். அதே ரகம், அதே ஆம்பியர்தான் வாங்க வேண்டும்.

மாற்றும் முன் ரிமோட்டில் அணைத்தால் போதாது. எம்சிபியை இறக்கி, கெபாசிட்டர்கள் வடியச் சில நிமிடம் விட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே ஃபியூஸைத் தொடலாம். (வெளியூனிட்டை நாம் தொடவே வேண்டாம்.) பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டையில் செம்புக் கம்பி சுற்றிப் பழகிய கைகள் இங்கேயும் துறுதுறுக்கும். சுற்றினால், அடுத்த முறை அறுவது ஃபியூஸ் அல்ல, போர்டு.